மண் டீ.என்.ஏ. பிரிப்புக் கிட்: மணல் தோட்டத்தில் தேர்ச்சி, வயலில் தடுமாற்றம்

நிலாவெளிப் பக்கத்துக் கச்சான் தோட்டமொன்றின் மணல் மண்ணையும் தம்பலகாமத்து வயலொன்றின் மண்ணையும் வளியிலுள்ள நைதரசனைத் தாவரங்களுக்குப் பயன்படும் வடிவுக்கு மாற்றும், அதாவது நைதரசன் பதிக்கும், பற்றீரியாக்களுக்காக ஒரே முறையில் ஆராய்வதற்காக, 50 மாதிரிகளுக்குரிய மண் டீ.என்.ஏ. பிரிப்புக் கிட் ஒன்றை வாங்கிப் பயன்படுத்தினோம். வேர்க்கணுவை நசுக்கி, யீஸ்ட் மனிற்றோல் ஏகார் என்னும் வளர்ப்பூடகத்தில் றைசோபியம் என்னும் வேர்க்கணுப் பற்றீரியாவை வளர்த்தெடுக்கும் பழைய முறை இன்றும் பயனுள்ளதே. ஆயினும், மண்ணில் தனித்து வாழும் நைதரசன் பதிக்கும் பற்றீரியாக்களில் பெரும்பாலானவை வளர்ப்புத் தட்டில் வளர்வதில்லை என்பதால், நைதரசனைப் பதிக்கும் நைதரசனேசு நொதியத்தின் இரும்புப் புரதத்துக்குரிய நிஃப்-எச் மரபணுவை மண்ணிலிருந்தே நேரடியாகத் தேட வேண்டியிருக்கிறது.

கிட்டின் சிறந்த அம்சம், மணிகளும் கரைசலும் முன்னரே நிரப்பப்பட்ட குழாய்கள். தோட்டத்தில் நின்றபடியே 250 மில்லிகிராம் மண்ணை இட்டு மூடிவிடலாம். ஆனால் அவற்றை ஐஸ் பெட்டியில் வைத்தபோது கரைசல் வெள்ளையாக உறைந்தது. அதிலுள்ள சவர்க்காரப் பொருள் குளிரில் வீழ்படிவாவதே காரணம். 60 பாகை செல்சியசில் சூடாக்கியதும் தெளிந்தது. கள வேலைக்கென விற்கப்படும் பொருளின் கையேட்டில் இது முதற்பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

மரபணுத் துண்டைப் பல மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். முறையில், மணல் மண்ணில் முதல் முயற்சியிலேயே நிஃப்-எச்சுக்குரிய, ஏறக்குறைய 360 காரச்சோடி நீளமுள்ள துண்டு ஜெல்லில் தெளிவான பட்டையாகக் கிடைத்தது. வயல் மண்ணிலோ கழுவிய பின்னரும் கரைசலில் மெல்லிய பழுப்பு நிறம் தங்கியது, பி.சி.ஆர். எதுவும் தரவில்லை. பி.சி.ஆரில் டீ.என்.ஏ.யைப் பெருக்கும் பொலிமரேசு நொதியத்தை, உக்கலிலிருந்து வரும் பழுப்பு நிற ஹியூமிக் அமிலம் முடக்குவதால், "பற்றீரியா இல்லை" என்று தவறாக எழுதிவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பத்து மடங்கு ஐதாக்கி, அத்தகைய தடுப்புப் பொருள்களைப் பற்றிக்கொள்ளும் மாட்டு ஊநீர் அல்புமின் புரதமும் சேர்த்த பிறகு அதே மாதிரியில் பட்டை தோன்றியது.

மரபணு இருப்பது வேறு, அது தொழிற்படுவது வேறு என்பதை விற்பனைத் தாள் சொல்வதில்லை. அந்த வேளையில் நைதரசன் உண்மையில் பதிக்கப்படுகிறதா என்றறிய நொதியத்தின் செயலை அளக்கும் அசற்றலீன் ஒடுக்கல் சோதனையோ, பதிக்கப்பட்ட நைதரசனைப் பின்தொடரும் 15-நைதரசன் சமதானி முறையோ தேவை. மரபணு வெளிப்படுகிறதா என்று காட்டும் ஆர்.என்.ஏ.யை எடுக்கவும் இந்தக் கிட் உதவாது.

மணல் தோட்ட மண்ணுக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். வயல் மண்ணுக்கு வாங்குவோர் கூடுதல் தூய்மையாக்கும் நிரல்குழாய்களையும் சேர்த்தே கணக்கிடட்டும். நிஃப்-எச் சோதனையில் வினைபொருள்களிலிருந்தே மாசு நுழைவது அறியப்பட்ட சிக்கல் என்பதால், ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு குழாயை மண் இடாமல் வெறுமையாக ஓட்டினோம். ஆகவே 50 குழாய்கள் 50 மாதிரிகளுக்குப் போதவில்லை.