சென்னை காய்ச்சல் முகாம் 2020: செம சர்வீஸ்

2020 ஜூன்ல கொரோனா உச்சத்துல இருந்தப்போ சென்னை மாநகராட்சி தெருத்தெருவா நடத்துன காய்ச்சல் முகாம் பத்தி தான் சொல்றேன். ஆஸ்பத்திரிக்கு நாம அலைய வேணாம், டாக்டரே தெரு முனைக்கு வந்து ஒரு டேபிள், நாலு பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்துட்டாங்க, நெத்தில தெர்மாமீட்டர் காட்டி, விரல்ல ஆக்ஸிமீட்டர் மாட்டி, சந்தேகம்னா டெஸ்ட்டுக்கு அனுப்பி, ஜிங்க் மாத்திரை, கபசுரக் குடிநீர்னு எல்லாமே ஃப்ரீ (கசப்பு இருக்கே, யப்பா!). ஆனா முதல் மார்க் வீடு வீடா வந்து விசாரிச்ச களப்பணியாளர் அக்காங்களுக்குத் தான், ஏன்னா வெளிய சொன்னா வீட்டைத் தகரம் அடிச்சு மூடிடுவாங்கன்னு பயந்து ஜுரத்தை மறைச்சவங்க எத்தனையோ பேர், அவங்கள பேசிப் பேசியே கூட்டிட்டு வந்தாங்க. குறைன்னா நம்ம ஜனங்க தான், வட்டம் போட்டு நிக்கச் சொன்னாலும் ஒட்டிக்கிட்டே நின்னாங்க, அதுக்கு அரை ஸ்டார் கட்.