கொக்கோஸும் கிறிஸ்மஸும்: கேட்டு எடுத்த தீவு, கேளாமல் எடுத்த தீவு

2012 நடுப்பகுதியில் படகேறி அவுஸ்திரேலியாவுக்குப் போன எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் இப்போது மெல்போர்னில் இருக்கிறான். போன மாதம் வெள்ளவத்தைக்கு வந்திருந்தவன், தேத்தண்ணி குடித்தபடி அந்தப் பயணத்தைப் பற்றி முதன்முறையாக வாய் திறந்தான். "விடியக் கரையைப் பார்த்த உடன தலை சுத்திப் போச்சு அண்ணை. தட்டை நிலம், அந்தப் பக்கக் கடல் இந்தப் பக்கத்தில நிண்டாலே தெரியுது. பனைக்குப் பதிலாத் தென்னை, அவ்வளவுதான் வித்தியாசம். சுத்திச் சுத்தி நெடுந்தீவுக்கே வந்திட்டமோ எண்டு நினைச்சன்."

அவன் பார்த்த கரை கொக்கோஸ். சில நாளில் விமானத்தில் ஏற்றிக் கிறிஸ்மஸ் தீவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே வேலியையும் நண்டையும் தவிர வேறெதையும் அவன் காணவில்லை.

இரண்டுமே இந்து சமுத்திரத்தில் அவுஸ்திரேலியாவின் ஆட்சிப்புலங்கள். இரண்டையும் சிங்கப்பூரிடமிருந்துதான் அந்த நாடு பெற்றது, கொக்கோஸை 1955இலும் கிறிஸ்மஸை 1958இலும். இரண்டுக்கும் ஒரே நிர்வாகி. பேர்த்திலிருந்து வாரத்தில் சில நாள் போகும் விமானம்தான் இரண்டுக்கும் உயிர்நாடி. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் அக்காவும் தங்கையும் போல அல்ல, அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கும் இரண்டு வேறு குடும்பங்கள் போலத்தான் இருக்கின்றன. நெடுந்தீவில் பிறந்து, குமுதினிப் படகு இன்றைக்கு ஓடுமா ஓடாதா என்று குறிகட்டுவான் இறங்குதுறையில் காத்துக் கிடந்து வளர்ந்த எனக்கு, ஒரு சின்னத் தீவை யார் ஆளுகிறார்கள், எதை வைத்துச் சோறு உண்கிறார்கள் என்பது வெறும் பொது அறிவு அல்ல. அதனால்தான் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் நிலம். கிறிஸ்மஸ் தீவு 135 சதுர கிலோமீட்டர். கடலடி எரிமலையின் தலை. உச்சி 361 மீட்டர், கரையெல்லாம் செங்குத்துப் பாறை, உள்ளே மழைக்காடு. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தேசியப் பூங்கா. மழை தொடங்கியதும் கோடிக்கணக்கான செந்நண்டுகள் காட்டிலிருந்து கடலுக்கு இறங்கும், அவற்றுக்காகத் தெருவையே மூடிவிடுவார்கள். கொக்கோஸ் இதற்கு நேர்மாறு. பவளத்திட்டுகள் 27, எல்லாம் சேர்த்தே 14 சதுர கிலோமீட்டர். நெடுந்தீவுக்குள் அத்தனையையும் மூன்று தடவை அடுக்கலாம். பெரும்பாலான இடங்களில் உயரம் ஐந்து மீட்டரைத் தாண்டாது. ஆட்கள் இருப்பது இரண்டில் மட்டும்: ஹோம் தீவில் மலாய் முஸ்லிம்கள், வெஸ்ட் தீவில் பெரும்பாலும் அரச வேலைக்காக அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவர்கள். 2021 கணக்கெடுப்பில் கொக்கோஸில் 593 பேர், கிறிஸ்மஸில் 1,692 பேர்.

தண்ணீர் விஷயத்தில் கொக்கோஸை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய ஆடைபோல மிதக்கிறது. அளவோடு இறைத்தால் நன்னீர், பேராசைப்பட்டால் உவர். எங்கள் தீவகக் கிணறுகளின் கணக்கும் இதுதான். கிறிஸ்மஸுக்குக் குகை ஊற்றுகள் இருக்கின்றன. அந்தக் கவலை அங்கே அவ்வளவு இல்லை. அங்குள்ள கவலை கப்பல். ஃபிளையிங் ஃபிஷ் கோவ் என்ற ஒரே இறங்குதுறை திறந்த கடலைப் பார்த்து நிற்கிறது. மார்கழி தொடங்கிப் பங்குனி வரை அலை எழும்பினால் கப்பல் வெளியிலேயே காத்து நிற்கும், கடையில் மரக்கறித் தட்டு காலியாகும். பிறகு விமானத்தில் வரும் கோவாவுக்கு என்ன விலை சொல்வார்கள் என்று தீவில் வாழ்ந்த எவரும் ஊகிக்கலாம்.

கொழும்புக்கு நெருக்கமானது எது என்று கேட்டால் சந்தேகமே இல்லாமல் கொக்கோஸ். கொழும்பிலிருந்தும் பேர்த்திலிருந்தும் அதற்கு ஏறக்குறைய ஒரே தூரம்தான், மூவாயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1878 முதல் 1886 வரையும், சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்த 1942 முதல் 1946 வரையும் அதை ஆண்டது இலங்கை ஆளுநரின் அலுவலகம். "அவன் சரியான எம்டன்" என்கிறோமே, 1914 செப்டெம்பரில் சென்னையில் குண்டு போட்ட அந்த ஜேர்மன் போர்க்கப்பல் எம்டன் நவம்பர் 9 அன்று முடிந்துபோனதும் கொக்கோஸின் வடக்குத் திட்டில்தான். சிறைப்பட்ட மாலுமிகளைக் கொழும்புக்குத்தான் கொண்டுவந்தார்கள்.

அதைவிடக் கனமான கதை 1942 மே மாதத்தில் நடந்தது. அங்கே காவலுக்கு நின்ற இலங்கைப் பீரங்கிப் படையினரில் ஒரு பகுதியினர் கலகம் செய்தார்கள். கிரேஷியன் பெர்னாண்டோவும் இன்னும் இருவரும் அந்த ஓகஸ்டில் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் கலகக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்ட பொதுநலவாயப் படையினர் இந்த மூவர் மட்டும்தான். பொரளைப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த மதிலைப் பார்த்து இதை நினைப்பேன்.

சரி, ஆட்சிக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை ஒப்பீட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

கொக்கோஸ் நூற்றைம்பது வருடம் ஒரு குடும்பத்தின் தோட்டமாக இருந்தது. 1827இல் குடியேறிய ஜோன் குளூனீஸ் ரோஸின் வாரிசுகளுக்கு 1886இல் விக்டோரியா மகாராணி தீவையே எழுதிக் கொடுத்துவிட்டார். மலாய்த் தொழிலாளர் கொப்பறா உரித்தார்கள். கூலி, தோட்ட முதலாளி அடித்த வில்லைகளில். கடைசிக் காலத்தில் அது பிளாஸ்டிக் வில்லை. பெயர் ரூபாய், ஆனால் தோட்டக் கடைக்கு வெளியே செல்லாது. மலையகத் தோட்டங்களின் பழைய கதை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. 1978இல் அவுஸ்திரேலியா 62.5 இலட்சம் டொலர் கொடுத்து நிலத்தை வாங்கியது. பிறகு 1984 ஏப்ரல் 6 அன்று, ஐக்கிய நாடுகள் அவதானிகள் பார்த்திருக்க, மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். தனிநாடா, தளர்ந்த இணைப்பா, முழு இணைப்பா? 261 பேரில் 229 பேர் முழு இணைப்பு என்றார்கள்.

அந்த 229 பேரும் பெரிய நாட்டின் பளபளப்பில் மயங்கியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு முதலாளியின் கையில் இருந்து பார்த்தவர்களுக்கு, சட்டம் இருக்கிற ஓர் அரசின் கையில் இருப்பது மேல் என்று தெரிந்திருந்தது. அவர்கள் எடுத்தது தெளிந்த முடிவு.

கிறிஸ்மஸில் அப்படி யாரும் யாரையும் கேட்கவில்லை. 1888இல் பிரித்தானியா இணைத்துக்கொண்ட தீவு அது, காரணம் பொஸ்பேற். சீனத்திலிருந்தும் மலாயாவிலிருந்தும் கூலிகளைக் கொண்டுவந்து தோண்டினார்கள். 1958இல் கைமாறியபோது பொஸ்பேற் வருமான இழப்புக்காக அவுஸ்திரேலியா இரண்டு கோடி மலாயா டொலரைச் சிங்கப்பூருக்குக் கொடுத்தது. தோண்டியவர்களுக்கு அதில் வாக்கும் இல்லை, வார்த்தையும் இல்லை.

கேளாமல் எடுத்த தீவில் மக்கள் ஒவ்வொன்றையும் போராடித்தான் பெற்றார்கள். 1975இல் தொழிற்சங்கம் வந்தது. கோர்டன் பெனட்டின் தலைமையில் அவுஸ்திரேலியச் சம்பளத்துக்குச் சமமான சம்பளம் கேட்டார்கள், கன்பராவுக்கே போய் உண்ணாவிரதம் இருந்தார்கள். 1987இல் அரசு சுரங்கத்தை மூடியது. பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்றுதான் எவரும் நினைத்திருப்பார். அவர்களோ தங்கள் சேமிப்பைப் போட்டுக் கம்பனி அமைத்துச் சுரங்கத்தை மறுபடி திறந்தார்கள். அடித்தட்டில் வைக்கப்பட்ட தொழிலாளர்கள் தங்கள் சுரங்கத்துக்கே பங்காளிகள் ஆன இந்த இடத்தில், என் மதிப்பெண் முழுவதும் கிறிஸ்மஸுக்கு.

பொருளாதாரத்திலும் அதே கைதான் ஓங்கியிருக்கிறது. பொஸ்பேற் இருக்கிறது, நண்டு பார்க்கப் பயணிகள் வருகிறார்கள். 1993இல் திறந்த சூதாட்ட விடுதி, ஆசிய நிதி நெருக்கடியோடு 1998இல் மூடப்பட்டது. அப்புறம் 2001இல் டம்பா கப்பல் வந்தது. கடலில் மீட்ட 433 பேரோடு நின்ற அந்தக் கப்பலுக்குப் பிறகு, படகில் வந்து இறங்குவோர் அங்கே புகலிடம் கேட்க முடியாதபடி தீவைக் குடிவரவு எல்லையிலிருந்து வெட்டிவிட்டு, பெரிய தடுப்பு முகாமையும் கட்டினார்கள். முகாம் நிரம்பினால் தீவில் வேலை, காலியானால் வேலை இல்லை. எங்கள் பையன்களின் துயரம் ஒரு தீவின் வருமானக் கணக்கில் ஒரு வரியாக இருந்தது என்பது எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. ஆனால் தீவு மக்களைக் குறை சொல்ல மாட்டேன். 2010 டிசெம்பர் 15 காலையில் அகதிப் படகொன்று பாறையில் மோதிச் சிதறியபோது, மழையிலும் காற்றிலும் பாறை விளிம்பில் நின்று உயிர்காப்பு அங்கிகளை வீசியவர்கள் அவர்கள்தான். அவற்றைக் காற்று திருப்பித் திருப்பிப் பாறைக்கே கொண்டுவந்தது. ஐம்பது பேர் போய்விட்டார்கள்.

கொக்கோஸில் கொப்பறா 1987இல் நின்றது. இப்போது அரச வேலை, கொஞ்சம் சுற்றுலா. போர்க்காலத்தில் போட்ட வெஸ்ட் தீவு ஓடுபாதையை இராணுவக் கண்காணிப்பு விமானங்களுக்காகப் பலப்படுத்துகிறார்கள். இராணுவம் என்ற அந்தச் சொல் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 1,800 கிலோமீட்டரில், சாகோஸ் தீவுக் கூட்டத்தில், அமெரிக்க இராணுவத் தளம் உள்ள டியேகோ கார்சியா இருக்கிறது. தளம் தேவை என்று 1968க்கும் 1973க்கும் இடையில் சாகோஸ் மக்களை வேரோடு பிடுங்கி எறிந்தார்கள். 2021இல் படகு பழுதாகி அங்கே ஒதுங்கிய எங்கள் ஆட்கள், வெளியேற மூன்று வருடம் கூடாரத்தில் காத்துக் கிடந்தார்கள். கொக்கோஸுக்கு அந்தக் கதி வராது என்று நம்புவதற்கு என்னிடம் உள்ள பெரிய காரணம் அந்த 229 வாக்குகள். குடியுரிமையும் வாக்கும் உள்ளவனைக் கப்பலில் ஏற்றி இறக்கிவிட முடியாது.

ஆனாலும் ஒரு குறை இரண்டு தீவுக்கும் பொது. நம்ம பிரதேச சபை போல ஒவ்வொன்றுக்கும் தெரிவுசெய்யப்பட்ட சபை இருக்கிறது. 1992இலிருந்து அங்கே நடப்பது மேற்கு அவுஸ்திரேலிய மாநிலத்தின் சட்டங்கள். அந்த மாநிலத் தேர்தலில் இவர்களுக்கு வாக்கில்லை. நாடாளுமன்றத்துக்கு வாக்குப் போடலாம், ஆனால் தொகுதி வட ஆட்சிப்புலத்தின் லிஞ்யாரி, பாலைவன நடுவில் அலிஸ் ஸ்பிரிங்ஸ் இருக்கும் அதே தொகுதி. வைத்தியசாலையிலும் பள்ளிக்கூடத்திலும் செல்லுகிற சட்டத்தை எழுதுகிறவர் இவர்களிடம் வாக்குக் கேட்டு வர வேண்டிய தேவையே இல்லை. 1984இல் அவ்வளவு அழகாகக் கேட்டவர்கள், அதற்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

இன்றைக்கு ஒரு குடும்பம் போய்க் குடியிருக்க எது நல்லது என்றால் கிறிஸ்மஸ் என்பேன். மேடு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, சண்டை போட்டுப் பழகிய சங்கம் இருக்கிறது. சுரங்கக் குத்தகை 2034இல் முடிகிறது, அதற்குள் வேறு வழி தேட வேண்டும். கொக்கோஸுக்கு அவ்வளவு நேரம் இருக்கிறதா என்பதே கேள்வி. கடல் ஏறுவதால் நீண்டகாலத்தில் ஹோம் தீவு மக்களை வெளியேற்றுவது பற்றி ஒரு திட்ட வரைவே வந்துவிட்டது. அந்த முடிவுக்காவது வாக்குப்பெட்டியை மறுபடி அந்தத் தீவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

பையனிடம் கடைசியாக, திரும்பிப் போவதென்றால் எதற்குப் போவாய் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "கொக்கோஸுக்கு. மகளுக்கு நெடுந்தீவை இன்னும் காட்டேல்ல. அங்க ஹோம் தீவுப் பிள்ளையள் பெரிய வகுப்புக்கு ஒவ்வொரு நாளும் படகிலதான் மற்றத் தீவுக்குப் போகுதுகளாம். அதை அவள் பார்க்கட்டும்" என்றான்.