பழைய காரின் இன்ஜெக்டருக்கு எது சரி: கிளீனர் பாட்டிலா, கழற்றிச் சுத்தம் செய்வதா?

ஐட்லிங்கில் வண்டி லேசாக உதறுகிறது, பிக்கப் முன்போல இல்லை, மைலேஜும் இறங்கிவிட்டது. வயதான பெட்ரோல் காரில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பலரும் முதலில் தேடுவது, இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யும் என்று டேங்கில் ஊற்றும் கிளீனரைத்தான். அதைப் பற்றிக் கேட்டால், "ஊற்றினேன், வண்டி புதுசு மாதிரி ஆகிவிட்டது" என்பார் ஒருவர். "காசைக் கரைத்ததுதான் மிச்சம்" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். இருவருடைய வண்டியிலும் இருந்த கோளாறு ஒன்றாக இருந்திருக்காது, அவ்வளவுதான்.

நம் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். டேங்கில் ஊற்றும் பாட்டில், இன்ஜெக்டரைக் கழற்றாமல் கரைப்பான் அடைத்த கேனிஸ்டர் மாட்டிச் செய்யும் சுத்தம், கழற்றி பெஞ்சில் (சோதனை மேசையில்) வைத்துச் செய்யும் சுத்தம், புது இன்ஜெக்டர். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நுனியில் லேசாகப் படிவு பிடித்த இன்ஜெக்டருக்கு நல்ல பாட்டில் பயன் தரும், அதற்குக் காசு செலவழிக்கலாம். அதைத் தாண்டிய எந்தக் கோளாறுக்கும் அடுத்தடுத்துப் பாட்டில் வாங்குவதைவிட, ஒருமுறை கழற்றி அளந்து பார்ப்பதுதான் பழைய காருக்குச் சிக்கனம்.

படிவு எப்படி வருகிறது

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இன்ஜெக்டரில் அவ்வளவு சீக்கிரம் அழுக்குப் பிடிக்காது. பெட்ரோல் பாய்ந்துகொண்டே இருப்பதால் நுனி குளிர்ச்சியாகவே இருக்கும். சிக்கல் சாவியைத் திருப்பி அணைத்த பிறகுதான். கூலன்ட் சுற்றுவது நின்றுவிடும். சிலிண்டர் ஹெட்டின் சூடு மெல்ல இன்ஜெக்டருக்கு ஏறும். நுனியில் ஒட்டியிருக்கும் துளி பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிப் போய்விடும், கனமான பகுதி அங்கேயே வெந்து வார்னிஷ் மாதிரி பிடித்துக்கொள்ளும். அதனால்தான் நெடுஞ்சாலையில் நீளமாக ஓடும் வண்டியைவிட, கொஞ்ச தூரம் போய் அணைத்து, திரும்பக் கிளப்பி, திரும்ப அணைக்கும் வண்டிக்கு இந்தத் தொல்லை அதிகம்.

1980களில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தபோது அமெரிக்காவில் இது பெரிய புகாராகவே கிளம்பியது. பெட்ரோலிலேயே சுத்தம் செய்யும் ரசாயனம் கலக்கும் வழக்கம் அதன் பிறகுதான் பரவியது. 1995 முதல் அங்கே விற்கும் எல்லா பெட்ரோலிலும் அது இருக்க வேண்டும் என்று சட்டமே வந்தது.

ஒரே ஒரு இன்ஜெக்டர் அடைத்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மைலேஜ் ஏன் குறைகிறது என்று விளங்கும். நான்கு சிலிண்டர் வண்டியில் மூன்று இன்ஜெக்டர்கள் ஒழுங்காகப் பெட்ரோல் தருகின்றன, ஒன்று மட்டும் 20 சதவீதம் குறைவாகத் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு எந்த சிலிண்டர் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. மொத்தத்தில் 5 சதவீதம் குறைவு என்றுதான் அதற்குப் படும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ உடனே நான்குக்கும் சேர்த்து ஏறக்குறைய 5 சதவீதம் கூட்டிவிடும். நன்றாக இருந்த மூன்று சிலிண்டர்களும் தேவைக்கு மேல் பெட்ரோல் குடிக்கும். அடைத்த சிலிண்டருக்கோ அப்போதும் 16 சதவீதம் பற்றாக்குறைதான். ஒரு பக்கம் பெட்ரோல் வீண், இன்னொரு பக்கம் மிஸ்ஸிங். ஆக, மொத்தம் எவ்வளவு அழுக்கு என்பதைவிட, நான்கும் ஒரே அளவில் தெளிக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

பாட்டிலில் இருப்பது என்ன

எல்லாப் பாட்டிலும் ஒன்றல்ல. விலை மலிவான பலவற்றில் பெரும்பகுதி மண்ணெண்ணெய் வகைக் கரைப்பானோ ஆல்கஹாலோதான், சுத்தம் செய்யும் ரசாயனம் கொஞ்சமாகவே இருக்கும். தேட வேண்டியது பாலிஈதர் அமீன், சுருக்கமாகப் பி.இ.ஏ. வெந்து இறுகிப்போன படிவையும் பெயர்க்கும் திறன் இதற்கு உண்டு. அதிகச் சூட்டிலும் தாங்குவதால் எரி அறை வரைக்கும் வேலை செய்யும். செவ்ரானின் டெக்ரான் இந்த வகையில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. இன்னொரு வகையான பாலிஐசோபியூட்டிலீன் அமீன், புதிதாக அழுக்குப் படியாமல் பார்த்துக்கொள்வதில் கெட்டிக்காரன். ஆனால் எரி அறையில் தானே கொஞ்சம் படிவை விட்டுச்செல்லும். ஏற்கெனவே பிடித்ததை எடுக்க வேண்டுமென்றால் பி.இ.ஏ.தான். பாட்டிலின் முன்பக்கத்தில் இது எழுதியிருக்காது. அந்தப் பொருளின் பாதுகாப்புத் தகவல் தாளை இணையத்தில் தேடி எடுத்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்தத் தாளில் வெறும் கரைப்பான் பெயர்கள் மட்டும் இருந்தால் நான் அந்தப் பாட்டிலைத் தொட மாட்டேன்.

ஊற்றும் முறையும் முக்கியம். பெட்ரோல் நிரப்புவதற்கு முன்பே ஊற்றிவிட்டால் நன்றாகக் கலந்துவிடும். லேபிளில் சொன்ன அளவை மீற வேண்டாம். முடிந்தால் அந்த டேங்கை ஒரு நீண்ட பயணத்தில் ஓட்டித் தீர்ப்பது நல்லது. பத்து நிமிடத்தில் மாற்றம் தெரிந்தால் அது பெரும்பாலும் மனசு சொல்வதுதான். படிவு கரைய ஒன்றிரண்டு டேங்க் ஆகும். இந்த ரசாயனத்தில் எரியாத பங்கு பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் இன்ஜின் ஆயிலிலும் சேரும். அதனால் ஆயில் மாற்றும் தேதி நெருங்கும்போது ஊற்றி, ஓட்டி முடித்துவிட்டு ஆயிலை மாற்றுவது என் வழக்கம்.

ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் பாட்டில் ஊற்றுவது வீண். நல்ல பெட்ரோலிலேயே தேவையான அளவு சுத்திகரிப்பான் இருக்கிறது. பிஎம்டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா ஆகியவை 2004இல் கொண்டுவந்த டாப் டியர் என்ற தரம் இதற்காகவே. அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் அமைப்பான ஏஏஏ 2016இல் செய்த சோதனையில், அந்தத் தரம் இல்லாத பெட்ரோல் 4,000 மைல் ஓட்டத்துக்குச் சமமான சோதனையிலேயே சராசரியாக 19 மடங்கு அதிகப் படிவை விட்டிருந்தது. இது இன்டேக் வால்வுகளில் அளந்த கணக்கு. இருந்தாலும் வருடம் முழுக்கப் பாட்டில் வாங்கும் காசை நல்ல பெட்ரோலுக்குக் கொடுப்பது மேல் என்று நான் சொல்வதற்கு இது போதும்.

பாட்டிலால் ஆகாதது எது? ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலைப்பக்கத்திலும் சுண்டு விரல் நகத்தைவிடச் சிறிய வலை ஃபில்டர் ஒன்று இருக்கிறது. பழைய டேங்கிலிருந்து வரும் துருவும், சிதைந்த ரப்பர் குழாயின் துணுக்கும் அங்கேதான் போய் மாட்டும். துருவை எந்த அமீனும் கரைக்காது. உள்ளே இருக்கும் மின் காயில் செத்த இன்ஜெக்டர், மூடும்போது சரியாக உட்காராமல் கசியும் இன்ஜெக்டர், இறுகி வெடித்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இவற்றுக்கும் பாட்டிலில் மருந்து இல்லை. பல வருடம் ஓடாமல் நின்ற வண்டியில் டேங்கில் இருப்பது பெட்ரோலே இல்லை, பிசின். அதில் கிளீனரை ஊற்றிக் கிளப்பினால் அழுக்கெல்லாம் ஃபில்டருக்கும் இன்ஜெக்டருக்கும் வந்து சேரும். அங்கே முதல் வேலை டேங்கை வடித்துக் கழுவுவது.

கேனிஸ்டர் முறை

பெட்ரோல் பம்பை நிறுத்திவிட்டு, அடர்த்தியான கரைப்பானை அழுத்தத்தில் நேரடியாக லைனில் விட்டு, அதிலேயே இன்ஜினை ஓட்டுவார்கள். பாட்டிலைவிட வீரியம் அதிகம், டேங்கில் நீர்த்துப் போவதில்லை. ஆனால் முன்னும் பின்னும் எந்த அளவீடும் கிடையாது, வலை ஃபில்டரும் அப்படியே உள்ளே இருக்கும். சர்வீஸ் பட்டியலில் வழக்கமான வரியாக இதைச் சேர்த்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டைப் பிரித்தால் மட்டுமே இன்ஜெக்டர் கைக்கு வரும் வண்டிகளில், கழற்றும் கூலியை மிச்சப்படுத்த ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

பெஞ்சில் தெரிவது

பழைய காருக்கு நான் பெரிதும் நம்புவது இதைத்தான். காரணம், இங்கே கோளாறு கண்ணுக்குத் தெரிகிறது. கழற்றிய நான்கு இன்ஜெக்டர்களையும் ஒரு ரெயிலில் வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றின் கீழும் கோடு போட்ட கண்ணாடிக் குழாயை வைத்து, சோதனைத் திரவத்தைச் சுமார் 3 பார் அழுத்தத்தில் செலுத்தி ஒரே நேரத்தில் திறந்து மூடுவார்கள். நல்ல இன்ஜெக்டர் கூம்பு வடிவில் மூடுபனியாகத் தெளிக்கும். அடைத்தது ஒரு பக்கமாகக் கோணி, இரண்டு மூன்று கம்பிகளாகப் பீய்ச்சும். நிறுத்தியதும் நான்கு குழாய்களிலும் திரவம் நிற்கும் மட்டத்தைப் பார்த்தாலே போதும், எது குற்றவாளி என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகு திறக்காமல் அழுத்தம் மட்டும் கொடுப்பார்கள். அப்போது நுனியில் துளி திரண்டு விழுந்தால் அந்த இன்ஜெக்டர் கசிகிறது.

இதற்குப் பிறகுதான் அல்ட்ராசானிக் தொட்டியில் ஊறவைப்பது, மீண்டும் அளப்பது, வலை ஃபில்டரும் ஓ-ரிங்கும் புதிதாக மாற்றுவது எல்லாம். அந்தச் சில்லறைச் சாமான் மாற்றப்படுகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பழைய ஓ-ரிங்கையே திரும்பப் போட்டால் பெட்ரோல் கசிந்து தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. முன்பும் பின்பும் எடுத்த அளவுகளைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுக்கும் இடத்தில் வேலையைக் கொடுக்காமல் இருப்பது நல்லது. இன்ஜெக்டர் காயிலின் ரெசிஸ்டன்ஸையும் மல்டிமீட்டரில் பார்த்துவிடலாம். பெரும்பாலான வண்டிகளில் வரும் வகையில் அது 12 முதல் 16 ஓம் வரை இருக்கும். பழைய சில வண்டிகளில் 2 முதல் 5 ஓம் வகையும் உண்டு.

குறை என்றால் கூலியும், வண்டி ஒரு நாளாவது நிற்பதும். அந்தச் செலவில் சில பாட்டில்கள் வாங்கலாம்தான். ஆனால் சில பாட்டில்கள் ஊற்றிய பிறகும் கோளாறு என்னவென்று தெரியாது, இங்கே தெரிந்துவிடும்.

புதுசு போடுவது

கசிவு நிற்கவில்லை, காயில் போய்விட்டது, சுத்தம் செய்தும் அளவு ஏறவில்லை என்றால் மாற்றியே ஆக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் அது மற்ற மூன்றோடு அளவில் ஒத்துப்போகிறதா என்று பெஞ்சில் பார்க்க வேண்டும். பேர் தெரியாத மலிவான புது செட்டைவிட, சுத்தம் செய்து அளந்த ஒரிஜினல் பழசு எவ்வளவோ மேல்.

எதையும் வாங்குமுன்

உதறலுக்கும் மிஸ்ஸிங்குக்கும் இன்ஜெக்டர் மட்டும் காரணமல்ல. தேய்ந்த ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், வெடித்த வேக்குவம் ஹோஸ், அழுக்கான ஏர் ஃப்ளோ சென்சார், சோர்ந்த பெட்ரோல் பம்ப் எல்லாமே இதே அறிகுறியைத்தான் காட்டும். பழைய வண்டியில் இவை இன்ஜெக்டருக்கு முன்பே கெடும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சாதாரண ஓபிடி ஸ்கேனரை மாட்டி, நீண்டகால ஃப்யூவல் டிரிம் எண்ணைப் பாருங்கள். ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ தருகிறது என்பதுதான் அது. பூஜ்ஜியத்துக்கு இரண்டு பக்கமும் 5க்குள் இருந்தால் கவலை இல்லை. கூட்டல் 10க்கு மேல் போனால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை என்று பொருள். ஐட்லிங்கில் அதிகமாக இருந்து 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் பெரும்பாலும் எங்கோ காற்று உள்ளே இழுக்கிறது. லோடு ஏற ஏற எண்ணும் ஏறினால் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் பக்கம் தேட வேண்டும். ஸ்கேனரில் பி0301 என்று முதல் சிலிண்டருக்கு மிஸ்ஃபயர் குறியீடு வந்தால், முதலில் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் குறியீடு மாறாமல் நின்று, இன்ஜெக்டரை இடம் மாற்றியதும் பி0303 ஆனால் ஆள் அகப்பட்டாயிற்று.

ஓபிடி இல்லாத காலத்து வண்டியா? நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்று இளம் பழுப்பாகவும் ஒன்று மட்டும் வெளுத்தும் இருந்தால், அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் குறைகிறது என்று சந்தேகிக்கலாம்.

டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டிகளும் இப்போது பழசாகிவிட்டன. அவற்றில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போவதால் இன்டேக் வால்வை அது தொடுவதே இல்லை. வால்வில் பிடித்த கரியைப் பாட்டில் எடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அதற்கு மேனிஃபோல்டைக் கழற்றி வால்நட் ஓட்டுத் தூளை அடித்துத்தான் எடுக்க வேண்டும். இன்ஜெக்டர் நுனிக்கு மட்டும் பி.இ.ஏ. உதவும். டீசல் விஷயமே வேறு. பெட்ரோலுக்கான கிளீனரை அதில் ஊற்றவே கூடாது.

ஆக, இன்டேக் வால்வுக்கு முன்னால் பெட்ரோலைத் தெளிக்கும் சாதாரண போர்ட் இன்ஜெக்ஷன் பெட்ரோல் கார், பிளக்கும் காயிலும் நன்றாக இருக்கின்றன, டிரிம் கூட்டல் 10ஐச் சுற்றி நிற்கிறது, காற்று எங்கும் கசியவில்லை என்றால், பி.இ.ஏ. உள்ள ஒரு பாட்டிலுக்கு முழு நியாயம் உண்டு. ஊற்றுவதற்கு முன் டிரிம் எண்ணைக் குறித்துவைத்து, டேங்க் தீர்ந்ததும் அதே சாலையில், அதே சூட்டில் மறுபடி பாருங்கள். எண் இறங்கியிருந்தால் இன்னொரு பாட்டில் ஊற்றலாம். இரண்டு டேங்க் முடிந்தும் அசையவில்லை என்றால், மூன்றாவது பாட்டிலுக்கான காசைப் பையிலேயே வைத்துக்கொண்டு, பெட்ரோல் பிரஷர் சரியா என்று பார்த்துவிட்டு இன்ஜெக்டர்களைக் கழற்றச் சொல்லுங்கள்.