‘கணவன் மனைவி தேவை, தங்குமிடம் இலவசம்’: கொடைக்கானலில் நாங்கள் பட்டது

எனக்கு 57, வீட்டுக்காரிக்கு 52. திண்டுக்கல் பக்கம் நான் 22 வருஷம் வேலை பார்த்த நூல் மில்லை மூடிவிட்டார்கள். வேறு மில்லில் போய்க் கேட்டால் தலைமுடியைப் பார்த்துவிட்டு "சொல்லி அனுப்புறோம்" என்கிறார்கள். அந்த நேரத்தில்தான் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. "கொடைக்கானல் காட்டேஜுக்குக் கணவன் மனைவி தேவை. வயது தடையில்லை. சம்பளம் 24,000. தங்குமிடம், சாப்பாடு இலவசம்." கூடவே ஒரு படம்: ரோஜாச் செடி ஓரத்தில் ஒரு மர நாற்காலி. அந்த நாற்காலியைப் பார்த்துத்தான் மயங்கினோம், வேறென்ன சொல்ல.

ஏஜெண்டுக்கு 6,000 கொடுத்துவிட்டு 2024 மார்ச்சில் வத்தலக்குண்டில் பஸ் ஏறினோம். பெருமாள்மலை தாண்டியதும் ஜன்னலில் குளிர்காற்று அடித்தது. "இனிமே மின்விசிறிச் செலவு மிச்சம்" என்றாள்.

24,000 என்பது ஆளுக்கு இல்லை, இரண்டு பேருக்கும் சேர்த்து என்று அங்கே போன பிறகுதான் சொன்னார்கள். அசல் ஆதார் அட்டைகளை "போலீஸ் வெரிபிகேஷனுக்கு" என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். தங்குமிடம் ஜெனரேட்டரை ஒட்டிய ஒரு தகர ஷெட். ராத்திரி தகரத்திலிருந்து பனித்தண்ணீர் போர்வை மேல் சொட்டும். எனக்கு அதுவரை முட்டிவலி என்றால் என்னவென்றே தெரியாது.

சாப்பாடு இலவசம்தான், சமைப்பது நாம்தான். அந்த 7,000 அடி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. எங்களுக்குக் கொடுத்ததோ வாஷர் போன குக்கர்! ஒன்பது ரூம், அத்தனைக்கும் துணி துவைப்பு, டிபன், வெந்நீர். பதினோரு மணிக்கு மேல் கார் வந்தால் கேட் திறக்க நான்தான் போக வேண்டும். ஒருநாள் டார்ச் அடித்தால் பத்தடி தள்ளி காட்டுமாடு நிற்கிறது. அசையாமல் நின்றேன், அதுவாகவே போய்விட்டது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சம்பளம் கேட்டால் "சீசன் முடியட்டும்ணே, மொத்தமா வாங்கிக்கோங்க, சேமிப்பு மாதிரி இருக்கும்" என்பார் மேனேஜர். இந்த ஒரு வார்த்தையை எங்கே கேட்டாலும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். எனக்கு அது தெரிந்தே இருந்தது, மில்லில் அப்படித்தான் வாங்கினேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மறுபடி எங்கே போவது என்ற பயம்.

மே 7ஆம் தேதி, மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (ஆன்லைன் அனுமதிச் சீட்டு) கட்டாயம் என்று வந்தது. அன்றிலிருந்து அதுவே சாக்கு: "கூட்டமே இல்லண்ணே, ஓனருக்கு நஷ்டம்." பெட்ஷீட் துவைத்த எங்களுக்குத் தெரியாதா, சனி ஞாயிறு ஒரு ரூம்கூடக் காலியில்லை என்று. ஜூன் கடைசியில் "ஆள் குறைக்கிறோம்" என்றார்கள். எங்கள் கணக்கில் 88,000 வர வேண்டும். கேஸ், அரிசி, கிழிந்த கம்பளி, உடைந்த கெட்டில் என்று கழித்து, இடையில் கொடுத்ததையும் சேர்த்து கைக்கு வந்தது 26,000. ஆதாரைத் திருப்பி வாங்கவே இரண்டு நாள் காத்திருந்தோம்.

தொழிலாளர் துறையில் மனு கொடுத்திருக்கிறேன். வேலை உத்தரவு, சம்பளச் சீட்டு எதுவும் இல்லை. மேனேஜர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களையும் போனில் இடமில்லை என்று நானே அழித்துவிட்டேன். நீங்கள் போவதாக இருந்தால் அதையெல்லாம் பத்திரமாக வையுங்கள். ஆதார் நகல் மட்டும் கொடுங்கள். ஏஜெண்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒருநாள் நேரில் போய், படுக்கப்போகிற ரூமைப் பார்த்துவிட்டு வாருங்கள். பஸ் செலவோடு போகும்.

போன வாரம் அதே விளம்பரம் மறுபடி வந்தது, போன் நம்பர் மட்டும் வேறு. அதே ரோஜாச் செடி, அதே நாற்காலி. படம் புதிதாக எடுத்தது போலிருக்கிறது. கால் உடைந்திருந்த அந்த நாற்காலிக்கு நான் சுற்றிக் கட்டிய கம்பி அதில் நன்றாகவே தெரிகிறது.