மரக்கறிப் பெட்டிக்கு மரமா, இரும்பா, பீ.வீ.சீ. குழாயா?

2022 ஜூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து, வீட்டில் ஏதாவது பயிரிடுங்கள் என்றார்கள். என் மனைவியும் அரச ஊழியர். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், குசினிக்கும் மதிலுக்கும் நடுவே 12 அடி நிலம் சும்மா கிடந்தது. அங்கே தொடங்கினோம். கத்தரியும் மிளகாயும் வந்தன. கொத்தமல்லி, சலாது, தக்காளி நாற்று மூன்றும் ஒவ்வொரு பெருமழைக்கும் அழிந்தன. விதை போட்ட இடத்தில் மறுநாள் பார்த்தால் வழித்து எடுத்ததுபோல் மண் மட்டும் இருக்கும்.

குளிர் நாடுகளில் இதற்குக் கிட்டத்தட்ட ஒரு தீர்வு இருக்கிறது. கோல்ட் ஃபிரேம் என்பார்கள். அடிப்பலகை இல்லாத மரப்பெட்டி, மேலே சரிவான கண்ணாடி மூடி. வெயிலின் சூட்டை உள்ளே பிடித்து வைத்து, உறைபனியில் இருந்து நாற்றைக் காக்கும். ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும் நுவரெலியாவில் அதை அப்படியே செய்யலாம். கொழும்பில் அப்படி மூடினால் நாற்று பகலிலேயே வெந்துவிடும். எங்களுக்கும் அதே பெட்டிதான் வேண்டும், ஆனால் மூடி மழைக்குக் குடை மாதிரி இருக்க வேண்டும், பக்கங்கள் காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும். 6 அடி நீளம், 3 அடி அகலம் என்று முடிவு செய்தோம். எதில் செய்வது என்பதில்தான் பல மாதம் போனது.

என் பதில் மரம். அதற்குக் காரணம் விலையும் இல்லை, அழகும் இல்லை, பராமரிப்பு. அதாவது ஒரு பகுதி கெட்டால் அதை யார், எப்படித் திருத்துவது என்பது. அதற்கு முன் மற்றவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

சீமெந்துக் கல் அடுக்குவது எல்லாவற்றிலும் சுலபம். ஆனால் துளையுள்ள கல் என்றால் ஒவ்வொரு துளையிலும் மழைநீர் நிற்கும், நுளம்பு முட்டையிடும். டெங்குக்காக வளவு பார்க்க வரும் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) முதலில் குனிந்து பார்ப்பதும் அந்தத் துளைகளைத்தான். மண் போட்டு நிரப்பினால் சரி. பிறகு மூடியைப் பொருத்த எப்படியும் மரமோ இரும்போ வேண்டும்.

பீ.வீ.சீ. குழாயை வில்லாக வளைத்து மேலே பொலித்தீன் போடுவது ஒரு மாலை வேலை. நாங்கள் ஒரே ஒரு போகம்தான் அப்படி வைத்திருந்தோம், ஆகவே என் அனுபவம் குறுகியது. அதற்குள் நடந்தது இதுதான்: மே மாதக் காற்றில் ஒரு வில் பிடுங்கிக்கொண்டு மதிலுக்கு மேல் போனது, தொய்ந்த பொலித்தீனில் தண்ணீர் குளம்போல் நின்றது. தண்ணீர்க் குழாய்க்கென்று விற்கும் பீ.வீ.சீ. வெயிலில் நாள்போக்கில் வெளுத்து முறுகிப்போகும். ஆனாலும் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, அடுத்த வருடம் வீடு மாறக்கூடும் என்பவர்களுக்கு, நான் இதைத்தான் சொல்வேன். கழற்றிக் கட்டி முச்சக்கர வண்டியில் கொண்டுபோகலாம்.

இரும்புதான் உண்மையான போட்டி. நான் சொந்தமாக வைத்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணா ஜீ.ஐ. (நாகம் பூசிய இரும்பு) பொக்ஸ் பாரில் ஒட்டுவித்து வைத்திருக்கிறார், நான் தினமும் பார்ப்பது அதைத்தான். நிமிர்ந்து நிற்கிறது, கறையானுக்குப் பயமில்லை, ஒரு காற்றுக்கும் அசையவில்லை. ஆனால் ஒட்டும்போது அந்த இடத்து நாகப் பூச்சு எரிந்துவிடும். கடலில் இருந்து சில நூறு மீட்டர் தூரத்தில் இருக்கிற எங்களுக்கு உப்புக்காற்று நேராக வந்து பிடிப்பது அந்த ஒட்டுகளைத்தான். இரண்டாவது வருடமே மூலைகளில் கறள். சுரண்டி, பிறைமர் அடித்து, பெயின்ட் அடிக்க வேண்டும். ஒட்டு விட்டுப்போனால் வெல்டிங் ஆளைப் பிடிக்க வேண்டும். இரண்டு ஒட்டுக்காக ஒருவரை வீட்டுக்கு வரவைப்பது எவ்வளவு சிரமம் என்று கொழும்பில் இருப்பவர்களுக்குத் தெரியும். மகரகமை, கொட்டாவைப் பக்கம் கடலுக்குத் தள்ளி இருப்பவர்களிடம் இந்தக் கணக்கு மாறும். அங்கே இரும்பு நல்ல தெரிவு.

இனி மரம். முதல் பெட்டியை 2022 கடைசியில் பொதி மரத்தில் செய்தேன். சரக்கு வைத்து வரும் பலட் பலகை, மலிவு. அதில் அடித்திருக்கும் முத்திரையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எச்.டி. (HT) என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எம்.பி. (MB) என்றிருந்தால் மெதில் புரோமைட் என்ற நச்சுப் புகை போட்டது. இரண்டாவதை மரக்கறி மண்ணுக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. எச்.டி. பலகையே வாங்கினேன். அதை நேராக மண்ணில் வைத்ததுதான் என் பிழை. ஒரு வருடத்துக்குள் கீழ் இரண்டு அங்குலம் விரலால் குத்தினால் உள்ளே போகும் அளவுக்கு உக்கிவிட்டது, பின்மூலையில் கறையான். மேல் பாதி மட்டும் புதிதுபோல் இருந்தது.

தூக்கிப் போடும் முன் மரவேலை பாஸ் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, “பலகையில பிழை இல்ல தம்பி. அடியில கல்லு வைக்காம மரத்தை மண்ணில வைக்கலாமா?” என்றார்.

இரண்டாவது பெட்டி 2024 தொடக்கத்தில், பலா மரத்தில். பலாவை வெட்டவே அனுமதி எடுக்க வேண்டும், புதுப் பலகைக்குக் கொடுக்கும் காசில் இரும்புப் பெட்டி இரண்டு செய்யலாம். ஆனால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி எங்கும் பழைய வீடுகளை இடித்துத் தொடர்மாடி கட்டுகிறார்கள். அந்த வீடுகளின் கதவு நிலையும் ஜன்னலும் பெரும்பாலும் பலா அல்லது தேக்கு. அப்படி ஓர் இடத்தில் நிலைச்சட்டங்களும் இரண்டு ஜன்னல் சட்டங்களும் வாங்கினேன். ஜன்னல்தான் மூடி. கண்ணாடியை எடுத்துவிட்டு, புற ஊதாக்கதிர் தாங்கும் பொலித்தீனை இழுத்து அடித்தேன். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் மண்ணைத் தொடும் பலகைகளுக்குப் பெயின்ட் படாத மரத்தை மட்டும் எடுத்தேன். வாங்கும்போது வெளிறிய ஓரத்தைப் பாருங்கள்: மஞ்சள், கபில நிற வைரம் நிற்கும், வெள்ளைப் பகுதியைக் கறையான் விடாது. தென்னையும் அப்படித்தான், வெளிப்பக்கத்துக் கறுப்பு நார் உள்ளதுதான் மரம், நடுப்பகுதி பஞ்சு. றப்பர் பலகை மலிவு என்று ஏமாற வேண்டாம். அதில் மாச்சத்து அதிகம், பூச்சி பிடிக்கும், ஆகவே போரன் மருந்து ஏற்றித்தான் விற்பார்கள், அது மழையில் கழுவுப்பட்டுப் போகும். வீட்டுக்குள் தளபாடமாக இருக்கத்தான் அது சரி.

இந்தத் தடவை ஒரு வரி செங்கல் அடுக்கி, அதன்மேல் தடித்த கறுப்புப் பொலித்தீனை மடித்து வைத்து, அதற்கு மேல்தான் பலகை. திருகாணி எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கீழ்ப்பலகை மற்றவற்றோடு சேராமல் தனியே நான்கு திருகாணியில் நிற்கிறது. என்னைக் கேட்டால் முழுப் பெட்டியிலும் முக்கியமானது அந்த ஒரு பலகைதான். உக்கினால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். வாளும் திருகாணி முடுக்கியும் போதும், யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. இரும்புப் பெட்டியில் இந்த வசதி இல்லை.

எண்ணெய் பூசுவதுதான் மரத்தின் தொல்லை. வருடம் இரண்டு தடவை லின்சீட் ஒயில் பூசுகிறேன். வேலிக்கட்டைக்குப் பூசும் பழைய எஞ்சின் ஒயில் மலிவாகக் கிடைக்கும், கறையானும் வராது என்பார்கள், ஆனால் சாப்பிடும் கீரைக்குப் பக்கத்தில் அதை வைக்கவே கூடாது.

சரிவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்துக்காரர் மூடியைத் தெற்குப் பார்க்க வைப்பார்கள். கொழும்பு கிட்டத்தட்ட 7 பாகை வடக்கில் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்புக் காலத்தில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், அதற்குப் பிறகு செப்டெம்பர் தொடக்கம் வரை எங்களுக்கு வடக்கே. ஆகவே வெயிலைப் பார்த்துச் சரிக்கத் தேவையில்லை, மழை வரும் பக்கத்தைப் பாருங்கள். தாழ்ந்த பக்கத்தை நான் தென்மேற்குக்கு வைத்தேன், சாரல் மூடிக்கு அடியால் ஏறுவதில்லை. மார்ச்சில் மூடிக்கு மேல் நிழல் வலை போட்டுக்கொள்கிறோம்.

அண்ணாவின் பெட்டியும் இன்னும் நிற்கிறது, இந்த வருடம் மூன்றாம் தடவை பெயின்ட் அடித்தார். என்னுடையதில் மேற்குப் பக்கத்துக் கீழ்ப்பலகையின் ஒரு மூலை மெல்லக் கறுத்து வருகிறது. மாற்றுப் பலகையை அறுத்து, எண்ணெய் பூசி, குசினிக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன். ஒக்டோபர் இடிமழை தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடுவேன்.