மெயில் போகிறது, ஆனால் ஸ்பாமுக்கு

சிவகாசியில் எங்கள் அச்சகத்துக்கு ஒரே கம்பெனியில் டொமைனும் (இணைய முகவரி) ஹோஸ்டிங்கும் (தளமும் மெயிலும் இருக்க சர்வரில் இடம்) வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. பெயர் வேண்டாம். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கமான சிபேனலில் மெயில் ஐடி உருவாக்க இரண்டு நிமிடம்தான். போனில் போர்ட் எண்ணாக, மெயில் வாங்க ஐமேப் 993, அனுப்ப எஸ்எம்டிபி 465 என்று போட்டதும் ஓடியது. அதுவரை சரி.

காலண்டர் சீசனில்தான் வினை. கொட்டேஷன் அனுப்பினால், "வரவே இல்லையே அண்ணாச்சி" என்கிறார்கள். பார்த்தால் ஜிமெயிலில் ஸ்பாமில் கிடக்கிறது. எஸ்பிஎஃப் (டொமைன் பெயரில் எந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் வரி), டிகேஐஎம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையெழுத்து) இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் கறாராகக் கேட்கிறது. சப்போர்ட்டில் மூன்று நாளும், "பிரவுசர் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) அழித்துப் பாருங்கள்" என்ற ஒரே பல்லவி. கேஷுக்கும் இதற்கும் என்ன சம்பந்தமோ!

கடைசியில் தங்கச்சி மகன்தான் சிபேனலில் 'இமெயில் டெலிவரபிலிட்டி' பக்கத்தைத் திறந்தான். பழைய ஹோஸ்டிங்கின் எஸ்பிஎஃப் வரி ஒன்று, புதியது ஒன்று. இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாதாம். பழையதை அழித்து, டிகேஐஎம்மையும் சேர்த்தான். சாயங்காலமே மெயில் இன்பாக்ஸில் விழுந்தது.

சர்வர் வேகத்தில் குறையில்லை. ஆனால் புதுப்பிக்கும்போது முதல் வருடத்தைப்போல் இரண்டு மடங்கு வாங்கினார்கள். அடுத்த தவணைக்கு முன் டொமைனையாவது வேறு இடத்துக்கு மாற்றிவிடுவேன்.