மாடியறை 3018: மூன்றரை வருடம் கழித்து

மோட்டாரை மாற்றியதுதான் நான் செய்த முதல் தப்பு. அதுவும் 7,500 ரூபாய் செலவழித்துச் செய்த தப்பு.

என்னிடம் இருப்பது 3018 வகை சிஎன்சி மிஷின், அதாவது கணினி சொல்கிறபடி மரத்தையும் தகட்டையும் வெட்டும் மிஷின். 2021 கடைசியில் சுமார் 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். அட்டைப்பெட்டியில் அலுமினியச் சட்டங்களாகவும் ஸ்க்ரூக்களாகவும் வந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பூட்டினேன். பெயரே அளவுதான்: 30 செ.மீ.க்கு 18 செ.மீ. வேலைப்பரப்பு. மேலும் கீழுமாக நாலரை செ.மீ. போகும். கூடவே வந்தது 24 வோல்ட்டில் ஓடும் 775 மோட்டார். ஓட்டுவது ஜிஆர்பிஎல். நார்வேக்காரர் சிமன் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-ல் எழுதத் தொடங்கிய இலவச நிரல் அது. ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கன்ட்ரோல் போர்டில் இருக்கும் அதே குட்டிச் சிப்பில் மொத்தமும் அடங்கிவிடும்.

முதல் வருடம் எதையும் தொடவில்லை, தொடத் தேவையும் வரவில்லை. எம்டிஎஃப் பலகையில் பெயர்ப்பலகை, பிளைவுட்டில் கோலம், சின்னச் சின்ன சர்க்யூட் போர்டு. சர்க்யூட் போர்டு வேலைக்கு இந்த மிஷின் வாங்கிய நிலையிலேயே போதும், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. செம்புத் தகடு கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் தட்டையாக இருக்காது. 30 டிகிரி வி-பிட் (வி வடிவ நுனி கொண்ட வெட்டுக்கருவி) 0.1 மி.மீ. கூடுதலாக இறங்கினால் வெட்டும் கோடு 0.05 மி.மீ. அகலமாகிவிடும். அதனால் மிஷினுக்குக் கணினியிலிருந்து கட்டளை அனுப்பும் கேண்டில் மென்பொருளில் இருக்கும் உயர வரைபடத்தை ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டும். பிட் நுனி செம்பைத் தொட்டு, சர்க்யூட் மூடி, அந்த இடத்தின் உயரம் பதிவாகும். கட்டம் கட்டமாக அது தொட்டுத் தொட்டுப் போவதைப் பார்த்தால் கோழி கொத்துவது போல இருக்கும். அப்புறம், கண்ணாடி இழை கலந்த எஃப்ஆர்4 போர்டின் தூசியைச் சும்மா ஊதித் தள்ளாதீர்கள். நுரையீரலுக்கு அது நல்லதல்ல. மாஸ்க் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடையுங்கள்.

பிரச்சினை அலுமினியத்தில் ஆரம்பித்தது. 2 மி.மீ. தகட்டில் பிட் வைத்ததும் தெருவரை கேட்கிற கீச்சுச் சத்தம். ஓரமெல்லாம் பிசிறு. மோட்டாருக்குத் தெம்பு போதவில்லை என்று நானே முடிவுகட்டி, 500 வாட் ஸ்பிண்டிலும் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) அதற்கான பவர் சப்ளையும் வாங்கி மாட்டினேன். சத்தம் இன்னும் கூடியது. 20 மி.மீ. வட்டம் வெட்டச் சொன்னால் ஒரு பக்கம் 20.3, குறுக்கே 19.8. இரண்டு பிட் உடைந்தது.

எங்கள் வீடு கோவை கணபதியில். தெருவுக்கு நாலு பட்டறை இருக்கும் பகுதி. பக்கத்து லேத் பட்டறை அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கையோடு டயல் கேஜைக் கொண்டுவந்தார், நுண்ணிய அசைவையும் முள்ளில் காட்டும் அளவுகோல் அது. மேசையில் காந்தத்தை நிறுத்தி, முள்ளை ஸ்பிண்டிலில் வைத்துவிட்டு, கட்டைவிரலால் ஸ்பிண்டிலை லேசாகத் தள்ளினார். முள் 0.2 மி.மீ. நகர்ந்தது.

"தம்பி, மோட்டாருக்கு வலு இருந்து என்னங்க பண்றது? அதத் தூக்கிப் புடிக்கிற கைக்கு வலு வேணுமில்லீங்களா?"

மிஷின் வாங்கும் முன்னாலேயே இவரிடம் கேட்டிருக்கலாம். கணபதியில் குடியிருந்துகொண்டு எல்லாவற்றையும் யூடியூபில் கற்றுக்கொள்ளப் பார்த்தேன் பாருங்கள்.

அவர் சொன்ன 'கை', இரண்டு முனையிலும் மட்டும் பிடித்திருக்கும் 10 மி.மீ. கம்பிகள். நடுவில் தாங்கல் கிடையாது. கம்பியின் நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்கு. விட்டம் கூடினால் அதன் நான்மடிக்குக் குறையும். 10 மி.மீ. கம்பியை 12 ஆக்கினாலே வளைவு பாதியாகிவிடும். அந்தக் கம்பிகளின் மேல் நான் பழையதைவிடக் கனமான ஸ்பிண்டிலைத் தொங்கவிட்டிருந்தேன்.

சரி, செய்ததை அவிழ்க்க முடியாது. இசட் அச்சுக்கு, அதாவது மேல்-கீழ் நகர்வுக்கு, ரெயில் (வண்டி ஓடும் தண்டவாளம்) வைத்த ரெடிமேட் அமைப்பு 5,000 ரூபாய். எக்ஸ் அச்சில், அதாவது இட-வல நகர்வில், கம்பிகளைக் கழற்றிவிட்டு, தடித்த அலுமினியத் தகட்டின் மேல் இரண்டு எம்ஜிஎன்15 ரெயில். தகடும் ரெயிலும் சேர்த்து 9,000. ரெயிலுக்கான துளைகளை அதே அண்ணன் பட்டறையில்தான் போட்டோம். சிஎன்சி வைத்திருப்பவன் துளை போட அடுத்தவர் மிஷினுக்குப் போவதில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை: ரெயிலில் ஓடும் வண்டியை அவசரப்பட்டு முனையில் உருவிவிடாதீர்கள். கடுகளவு பேரிங் குண்டுகள் தரையெல்லாம் சிதறும். நான் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பொறுக்கினேன். மூன்று குண்டு இன்னும் கிடைக்கவில்லை.

மாட்டிய பிறகு அதே கட்டைவிரல் சோதனையில் முள் 0.04-க்கு மேல் போகவில்லை. இப்போது 2 மி.மீ. அலுமினியத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு: ஒற்றைப் பல் 3.175 மி.மீ. பிட், நிமிடத்துக்கு 12,000 சுற்று, நிமிடத்துக்கு 400 மி.மீ. வேகம், ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் 0.2 மி.மீ. ஆழம். கீச்சுச் சத்தம் போய், தூளுக்குப் பதிலாகக் குட்டிச் சுருள்களாக உதிர்கிறது. பட்டறையில் அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விடுவார்கள். என் ஸ்பிண்டில் கார்பன் பிரஷ் வைத்தது, உள்ளே பொறி பறக்கும். அதனால் கட்டிங் ஆயிலை பிரஷால் தொட்டு வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்றரை வருடத்தில் கொடுத்த காசுக்கு அதிகமாக உழைத்தது எது என்று கேட்டால் இந்த ரெயில்கூட இல்லை. 600 ரூபாய்க்குள் முடிந்த லிமிட் சுவிட்சுகள்தான், மிஷின் ஓரத்தைத் தொட்டதும் அதற்குத் தெரியப்படுத்தும் சுவிட்சுகள். "வேலைக்கு முன்னால் பிட்டைக் கையாலேயே மூலையில் வைத்துக்கொண்டால் போயிற்று" என்று ஒரு வருடத்துக்கு மேல் அதைத் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு நாள் இரண்டரை மணி நேரக் கோலப் பலகையில் கடைசிக் கால்மணி நேரம் பாக்கி இருக்கும்போது கரண்ட் போனது. கரண்ட் திரும்பி வந்தாலும் தான் எங்கே நிற்கிறோம் என்பது ஜிஆர்பிஎல்லுக்குத் தெரியாது. பலகை வீண். சுவிட்ச் இருந்து, ஜிஆர்பிஎல்லில் $22 என்ற அமைப்பை 1 ஆக்கி வைத்திருந்தால் மிஷின் தானே மூலைக்குப் போய்த் தன் வீட்டைத் தொட்டுக்கொள்ளும். வேலையின் தொடக்கப்புள்ளியான ஜி54, கரண்ட் போனாலும் சிப்பில் அழியாமல் இருக்கும். அதனால் விட்ட வரியிலிருந்து தொடரலாம்.

மாட்டியதும் இன்னொரு தொல்லை வந்தது. ஸ்பிண்டில் ஓடத் தொடங்கினால் போதும், யாரும் தொடாத சுவிட்சைத் தொட்டதாகச் சொல்லி மிஷின் அலாரத்தோடு நின்றுவிடும். ஸ்பிண்டில் ஒயரின் மின் இரைச்சல் சுவிட்ச் ஒயரில் ஏறுகிறது. உறை போட்ட ஷீல்டு ஒயருக்கு மாறி, இரண்டு ஒயரையும் தனித்தனி வழியில் கொண்டுபோய், போர்டு பக்கம் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைச் சால்டர் செய்தேன். அதற்குப் பிறகு ஒரு பொய் அலாரம்கூட இல்லை.

கைவைக்காமல் விட்டிருக்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு. வெட்டிய பள்ளத்தை வெர்னியரில் அளந்து, அளவு குறைகிறதே என்று ஒரு மி.மீ. நகர மோட்டார் வைக்கும் ஸ்டெப் (சிறு அடி) எண்ணிக்கையை 800-லிருந்து 803 ஆக்கினேன். அந்த 800 ஒரு கணக்கு: மோட்டார் ஒரு சுற்றுக்கு வைக்கும் 200 ஸ்டெப்பை, ஒவ்வொன்றையும் 16 கூறாக்கி, ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகர்த்தும் ஸ்க்ரூவால் வகுத்தால் வருவது. என் குறை அங்கே இல்லை, பிட் வளைவதில் இருந்தது. ரெயில் மாட்டியதும் 800-க்கே திரும்பிவிட்டேன். ஸ்பிண்டில் நேராக நிற்கிறதா என்று பார்ப்பதற்கும் அண்ணனின் டயல்தான். ஸ்பிண்டிலில் மாட்டி ஒரு வட்டம் சுற்றினால் சாய்வு தெரிந்துவிடும். குளிர்பான கேனைக் கத்தரித்து எடுத்த தகட்டுத் துண்டை அண்டைகொடுத்து நிமிர்த்தினேன். அது சுமார் 0.1 மி.மீ. இருக்கும், இந்த வேலைக்குக் கச்சிதம்.

உதிரிச் செலவு 1,500-ஐயும் சேர்த்தால் இதுவரை சுமார் 37,500 ரூபாய். அந்தப் பணத்துக்குப் பெரிய மிஷினே வாங்கியிருக்கலாமே என்று கேட்டால், ஆமாம், வாங்கியிருக்கலாம். அலுமினியம்தான் உங்கள் வேலை என்றால் 3018 பக்கமே போகாதீர்கள். மரமும் சர்க்யூட் போர்டும் போதும் என்றால் சுவிட்சும் ஒரு டயல் கேஜும் மட்டும் வாங்கிக்கொண்டு, பழைய 775 மோட்டாரையே ஓட்டுங்கள்.

மிஷின் வந்த முதல் நாளே அம்மா கேட்டது முள்ளு முறுக்குக்கு ஒரு பித்தளை அச்சு. போன மாதம்தான் வெட்டிக் கொடுத்தேன். 1 மி.மீ. பிட்டால் வெட்டும்போது நட்சத்திரத்தின் ஒவ்வொரு முனையும் 0.5 மி.மீ. ஆரத்துக்கு மழுங்கித்தான் வரும், எந்த ரெயிலை மாட்டினாலும் அதை மாற்ற முடியாது. முறுக்கு மொழுமொழுவென்று வந்தது. அம்மா அச்சைத் திருப்பித் தந்துவிட்டார். இப்போது ஊசி அரத்தால் ஒவ்வொரு முனையாகக் கையால் ராவிக்கொண்டிருக்கிறேன். ஏழில் மூன்று ஓட்டை முடிந்திருக்கிறது.